நிலாவில் முட்டித் திரும்பும் அப்பா

நெய்வேலி,
ஆவணி, வளர்பிறை ஏகாதசி.

சிரஞ்சீவி மணிமாறனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான். மற்ற இரண்டு பேரும் நேற்று மத்தியானத்திலிருந்து ஒருவரோடொருவர் சரியாகப் பேசுவதில்லை, ஆகவே அவர்கள் நலத்தைக் கேட்டு எழுத முடியவில்லை. அங்கு உன் நலமும் உன் பாலைவனத்தின் நலமும் அறிய ஆவல். சிரஞ்சீவி என்ற சொல்லைப் பார்த்ததும் அப்பாவே எழுதிவிட்டார் என்று எழுந்து நிற்காதே, உட்கார். எழுதுவது உன் தங்கை பவித்ராதான். ஆனால் இது அப்பாவின் கடிதம். அவர் சொன்னது மொத்தம் மூன்று வாக்கியம். விஜயதசமி அன்று நிலா ஏறும்போது மறுபடியும். அதே அலைவரிசை. அதுவரைக்கும் யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு, “மத்தத எல்லாம் ஒரு அப்பன் எழுதுறா மாதிரி நீயே போட்டு நெரப்பிடு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எனவே இந்தக் கடிதம் முடியும்வரை, என் பதினாறாவது வயதில், நான் உனக்குத் தகப்பன். மரியாதையாக வாசி. படுத்துக்கொண்டு வாசிக்காதே, கண் கெட்டுப்போகும்.

போன் இருக்கும்போது எதற்குத் தபால்தலை ஒட்டிய கடிதம் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்வது தகப்பன் பதவியோடு வரும் உரிமை. நம் அப்பா துரைராஜ் அவர்கள் ஹாம் ரேடியோக்காரர், அதாவது லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவர். ரிட்டயர்மென்ட் நெருங்கினால் மற்ற அப்பாக்கள் காசிக்குப் போவார்கள், இவர் நிலாவுக்குப் போகிறார், டிக்கெட் இல்லாமல், மொட்டைமாடியிலிருந்து. சாகுல் ஹமீது மாமா தன் வடலூர்க் கடையில் கழித்துப்போட்ட அலுமினியக் குழாய்களை வாங்கி வந்து இவர் செய்த ஆன்டெனா, யாரோ பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளைக் கம்பத்தில் சொருகிவிட்டுப் போனதுபோல நிற்கிறது. காக்கை உட்கார்ந்தால் ஆடும், இரண்டு காக்கை உட்கார்ந்தால் திசையே மாறும். அந்த முள்ளை நிலாப் பக்கம் திருப்பி ஒரு சமிக்ஞை அனுப்பினால், அது போய் நிலாவில் முட்டித் திரும்பி, நிலா தெரிகிற ஊர்களில் எல்லாம் விழும். விழும் என்றால் தொப்பென்று விழாது. கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் அத்தனை இரைச்சலுக்கு நடுவே யாரோ முனகுவது புரியும். போக வர ஏழரை லட்சம் கிலோமீட்டர். நம் வீட்டுக்கு ஏழரை எந்த வழியாக வருகிறது என்று அம்மா ஜோசியரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு அப்போதே தெரியும்.

சரி, இவ்வளவு தூரம் போய்வந்து பேசுவது என்ன? ஒருவர் தன் அழைப்புப் பெயரைச் சொல்வார். மற்றவர், நீ இவ்வளவு தேய்ந்துபோய்க் கேட்கிறாய் என்று ஒரு எண் சொல்வார். இவர், நீயும் அந்த லட்சணம்தான் என்று இன்னொரு எண் சொல்வார். அவர் சரி என்பார். மனமிருந்தால் கடைசியில் எழுபத்துமூன்று என்பார்கள், ஹாம்காரர்கள் அகராதியில் அதற்கு வணக்கம் என்று பொருள். ஒரு நிமிடம் சொல்வது, ஒரு நிமிடம் கேட்பது, அவ்வளவுதான். யோசித்துப் பார், அப்பா வீட்டுக்குள் நம்மோடு பேசுவதும் இதே அளவுதான். சாப்பாடு ஆச்சா, மார்க் எவ்வளவு, சரி. இவருக்காகவே யாரோ கண்டுபிடித்த பாஷை. இதில் ஒரு நேர்மையும் உண்டு. நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எப்படி வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆரம்பித்தபின் முடியும்வரை நிலா வழியாகத் தவிர வேறு எந்த வழியிலும் ஒரு வார்த்தை போகக் கூடாது. எனக்குக் கேட்குது, உனக்குக் கேட்குதா என்று நடுவில் யாராவது போனில் சொல்லிவிட்டால் அந்தத் தொடர்பு செல்லாது. யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, இவர்களே விட்டுவிடுவார்களாம். கண்காணிப்பாளர் இல்லாத ஹாலில் பிட் அடிக்காமல் பரீட்சை எழுதும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை ப்ளஸ் டூ படிக்கும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இனி வழக்கு. நீ அப்பா வேலை பார்க்கும் சுரங்கத்திலேயே அப்ரன்டிஸ் முடித்துக் கான்ட்ராக்டில் சேர்ந்ததும், என்றைக்காவது பெர்மனென்ட் ஆகலாம் என்று காத்திருக்கிறவர்களின் வரிசையில் உன்னையும் நிறுத்தி வைத்தார் அப்பா. நீ வரிசையை விட்டு நழுவி ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாது தோண்டப் போனாய். தோண்டத்தானே போகிறான், அதை இங்கேயே தோண்டக் கூடாதா என்பது அவர் கேள்வி. இங்கே தோண்டினால் எனக்குத் தலை நரைக்கும்போதும் கான்ட்ராக்ட்தான் என்பது உன் பதில். நீ கிளம்பிய அன்று அவருக்கு நைட் ஷிஃப்ட். யாரிடமோ கேட்டு மாற்றிக்கொண்டு விடியும் முன்பே ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நீ பெட்டிகளோடு கேட்டருகில் நின்றாய், கார்க்காரர் ஹாரன் அடித்தார், நீ நின்றாய், அவர் மறுபடி அடித்தார், அம்மா விபூதி பூசி உன்னைத் தள்ளி ஏற்றினாள். பெற்ற அப்பா ஒரு ‘போயிட்டு வா’ சொல்லவில்லை, அது வராமல் நானாக அவரிடம் பேச மாட்டேன் என்பது உன் கட்சி. “கெளம்புறேன்னு முந்தின நாளு எங்கிட்ட வந்து சொன்னானா அவன்?” என்பது அவர் கட்சி. ஒன்றரை வருடமாக இரண்டு கட்சிக்கும் ஒரே சாட்சி அம்மா, அந்தச் சாட்சியும் தினம் ஒரு பக்கம் சாய்கிறது. நாங்கள் உன்னோடு போனில் பேசும்போது அப்பா ஹாலில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண் ஃபேனில், காது போனில். ஸ்பீக்கரில் போடட்டுமா என்று கேட்டால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். அங்கே போய் ஃபின்லாந்துக்காரனுக்கு வணக்கம் சொல்வார்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அங்கே ஹாம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பெரிய ஆன்டெனா வைத்திருக்கும் உள்ளூர் கிளப்பில் சேர்ந்து, அதை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாய், ரகசியத்தை நான் காப்பாற்ற மாட்டேன் என்ற நம்பிக்கையில். நானும் உன் நம்பிக்கையைக் காப்பாற்றினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிறுத்தி, “அந்த கிளப்புல எத்தினி ஆன்டெனா?” என்று கேட்டார். உன்னைப் பற்றி அவராக வாய் திறந்தது அன்றுதான், அதையும் உன்னை விசாரித்ததாகவே நான் கணக்கில் வைத்தேன். அப்புறம் உனக்கும் அவருக்கும் நடுவில் நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தது நான்தானே. கல்யாணத் தரகர் என்றால் இந்நேரம் எனக்கு ஒரு பட்டுப் பாவாடையாவது கிடைத்திருக்கும்.

ஆனால் ஒரு மலை குறுக்கே நின்றது. உவமை இல்லை, நிஜ மலை. ஐரோப்பாக்காரர்கள் அப்பாவுக்குக் கிடைப்பது மேற்கே நிலா இறங்கும்போது, அந்தப் பக்கம் வெட்டவெளி. உன் ஊர் கிடைக்க வேண்டும் என்றால் இங்கே கிழக்கே நிலா ஏறும்போது பிடிக்க வேண்டும். நம் மீன்முள் அண்ணாந்து பார்க்கத் தெரியாதது, நிலா அடிவானத்தை ஒட்டி இருக்கிற கொஞ்ச நேரத்துக்குத்தான் அதற்குக் கண் தெரியும். அந்தக் கொஞ்ச நேரமும் தென்கிழக்கில் எது மறைக்கிறது? மைன்ஸ் மண்மேடு. அந்த மேட்டைக் கொட்டியது யார்? ஸ்பிரெடர் ஆபரேட்டர் துரைராஜ். நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை எல்லாம் பெல்ட்டில் வரவைத்து அந்த ராட்சச மெஷினில் உட்கார்ந்து முப்பது வருஷமாக ஷிஃப்ட் தவறாமல் கொட்டி மலையாக்கிவிட்டு, இப்போது மாடியில் நின்று, “யார்ரா அது, நெலாவ மறைச்சிகினு” என்கிறார். ஓவர்டைம் வேறு பார்த்திருக்கிறார். தன் பிள்ளைக்குக் குறுக்கே ஓவர்டைம் பார்த்து மலை கட்டிய ஒரே தகப்பன் இந்த டவுன்ஷிப்பில் நம் அப்பாதான். இதை நான் அவரிடமே சொன்னேன். வழக்கமாக என் வாயை அடைப்பவர் அன்று மேட்டையே பார்த்துவிட்டு, “கொட்டுறப்ப இந்தப் பக்கம் யாருக்குத் தெரியும் நீ இருப்பேன்னு” என்றார். நீ என்றது என்னையா உன்னையா என்று கேட்கவில்லை. எனக்கும் சில நேரம் புத்தி இருக்கும்.

மேட்டை நகர்த்த முடியாது, நிலாவைச் சீக்கிரம் கூப்பிட முடியாது, ஆகவே முள்ளை அண்ணாந்து பார்க்க வைப்பது என்று முடிவானது. மேட்டைத் தாண்டி நிலா மேலே வந்த பிறகும் துரத்தலாம் இல்லையா? அதற்கு மோட்டார் வாங்கலாம் என்று சாகுல் மாமா சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் மோட்டார். ஆன்டெனாவின் மூக்கில் ஒரு கயிறு, அது கம்பத்து உச்சியில் ஒரு கப்பியில் ஏறி இறங்கி என் கைக்கு வரும். கயிற்றில் சிவப்புச் சாயத்தில் கோடுகள். அப்பா ரேடியோ முன்னால் உட்கார்ந்து, ரெண்டு கோடு இழு, அரைக் கோடு விடு என்பார், நான் இழுப்பேன், விடுவேன். கயிறு கீழ்வீட்டுத் தனபாக்கியம் ஆன்ட்டியின் துணிக்கொடி. கேட்டுத்தான் எடுத்தேன், அவர் வீட்டில் இல்லாதபோது கேட்டேன். அவர் திரும்பி வந்து, நல்ல வெயிலில் அப்பா வெற்று ஆகாயத்தைக் குறிபார்ப்பதைப் பார்த்துவிட்டு, “பட்டப்பகல்ல என்னத்தடி உங்கப்பா தேடுறாரு?” என்று கேட்டார். ட்ரோன் வருது ஆன்ட்டி, யார் யார் மாடியில எவ்வளவு மொளகா காயுதுன்னு கணக்கு எடுக்கறாங்களாம் என்றேன். அரை நிமிடத்தில் மிளகாய் எல்லாம் உள்ளே போய்விட்டது. கொடி போனது அவருக்கு இன்னும் தெரியாது. நீ வரும்போது அவருக்கு ஒரு நல்ல நைலான் கயிறு வாங்கி வா, ஆஸ்திரேலியக் கயிறு என்றால் மன்னித்துவிடுவார்.

நேற்று தசமி. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி நிலா ஏறும் நேரம். அப்பா லீவு போட்டிருந்தார், சவரம் செய்திருந்தார், தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். நிலாவுக்கு இவர் சட்டை தெரியாது என்று நான் சொல்ல, “ஒழுங்கா கயித்தப் புடி” என்றார். அம்மா கீழே பால் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள், யாருக்கு என்று கேட்டால் சொல்லவில்லை. முதலில் வெறும் இரைச்சல். நிலா மேட்டின் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. கை வலிக்க ஆரம்பித்த நேரத்தில், ஒரு கோடு இழுத்ததும், திரையில் உன் அழைப்புப் பெயர் வந்தது. பெயரோடு உன் எண்ணும் வந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே தன் எண்ணை அனுப்பினார். இனி உன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சரி வந்தால் போதும், கணக்கு முடிந்தது. வரவில்லை. மறுபடி அனுப்பினார். வரவில்லை. ஒரு நிமிடம் அனுப்புவார், ஒரு நிமிடம் காது. மறுபடி. நிலா ஏறிக்கொண்டே போகிறது, என் கயிற்றில் கோடு தீர்ந்துகொண்டே போகிறது. அப்பா முதுகில் தீபாவளிச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை, நீ நம்ப மாட்டாய்.

அந்த நேரத்தில் கீழே கனகம் அம்மையார், நம்மைப் பெற்றவர், அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார். “டேய், அவரு கூப்ட்டுகினே இருக்காருடா, வேர்த்து ஊத்துது மனுசனுக்கு, உனக்கு வருதா வரலியா, அத்த மட்டும் சொல்லு.” நீயாவது எடுக்காமல் இருந்திருக்கலாம். மற்ற நாளெல்லாம் அம்மா மூன்று தடவை அடித்தால்தான் எடுப்பாய், நேற்று ஒருநாள் முதல் மணியிலேயே எடுத்தாய். எடுத்ததோடு நிற்காமல், வருதும்மா, நல்லா வருது, நான் சரி அனுப்பிகினுதான் இருக்கேன் என்று முழு சாட்சியம் வேறு கொடுத்திருக்கிறாய். அம்மா முட்டிவலி உள்ளவள், மாடிக்கு வந்து மாதக்கணக்காகிறது, நேற்று இரண்டிரண்டு படியாக ஏறி வந்து, “வருதாம்! அவனுக்கு வருதாம்! சரின்னு சொல்லிகினுதான் இருக்கானாம்!” என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். அடுத்த நிமிடமே, நான் சத்தியமாகச் சொல்கிறேன், திரையில் உன் சரி வந்தது. நிலாவில் முட்டி, மேட்டைத் தாண்டி, தனபாக்கியம் ஆன்ட்டியின் துணிக்கொடி புண்ணியத்தில், பளிச்சென்று வந்தது. அப்பா அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டார்.

நான் கயிற்றை விடாமலேயே கேட்டேன், அதான் வந்துடுச்சேப்பா, அம்மா சொன்னது யாருக்குத் தெரியப்போவுது என்று. “எனக்குத் தெரிஞ்சிடுச்சே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பரீட்சைப் பேப்பரைத் தொலைத்த பையன் மாதிரி சொன்னார். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் வந்தது பார் ஆங்காரம். “பெத்த புள்ள சரின்றான். அத்த நெலா வந்து சொன்னா ஒத்துக்குவாராம், நான் வந்து சொன்னா ஒத்துக்கமாட்டாராம். நெலாவையே கட்டிகினு இருந்திருக்கலாமில்ல?” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, போனைக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் புதைத்து மூடி போட்டுவிட்டாள். இனி யாருக்கும் போன் செய்ய மாட்டாளாம். பாயசத்தை நான் குடித்தேன், சாட்சிகளுக்குப் படி உண்டு.

அதிலிருந்து இந்த வீட்டில் நிலா நான்தான். அம்மா சமையல்கட்டிலிருந்து, “சோறு வேணுமான்னு கேளு உங்கப்பன” என்று அனுப்புவாள், அது என் மேல் முட்டி, சாப்பிட வரலாமாப்பா என்று தேய்ந்து ஹாலுக்குப் போகும். அங்கிருந்து பசிக்கல என்று ஒரு முனகல் வரும், அதை நான் இன்னும் தேய்த்து, அஞ்சு நிமிஷத்துல வராராம் என்று சேர்ப்பேன். இரண்டு பக்கமும் அனுப்புவது ஒன்று, கிடைப்பது வேறு. நிஜ நிலா இந்த அளவுக்குப் பொய் சொல்லாது. ஆனால் நிஜ நிலாவுக்கு இந்த இரண்டு பேரையும் தெரியாது.

இப்போது நீ ஏன் பயப்பட வேண்டும் என்று சொல்கிறேன். அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. தீபாவளி முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் ஒரு மாடிவீட்டுக்கு வாடகைக்குப் போகிறோம். வீட்டுக்காரக் கஸ்தூரியம்மாள் நல்ல மாதிரி, தண்ணீர் இருபத்துநாலு மணிநேரமும் வருமாம், ஆனால் மொட்டைமாடியில் கம்பி கிம்பி எதுவும் நட்டு வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பா அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். இந்தத் தபால் உன் கைக்கு வர நாளாகும், அதற்குப் பின் அப்பாவுக்கு லீவும் இல்லை, ஆகவே விஜயதசமிதான் கடைசி. அன்றைக்கும் தசமி என்பதால் நிலா ஏறக்குறைய நேற்றைய நேரத்துக்கே வரும், மேடும் அங்கேயே இருக்கும், அதை யாரும் திருடிப்போக மாட்டார்கள். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு ரேடியோவுக்கும் முள்ளுக்கும் கயிற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மூடிவிடுவோம், மறுநாள் மத்தியானம் எடுத்து முதல் வேலையாக உன்னைக் கூப்பிடுவார். பரீட்சையில் ஃபெயில் ஆனவனுக்கு ஒரே ஒரு சான்ஸ் மறுபடி கொடுத்த மாதிரி. விட்டால் முள்ளைப் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடுத்துப்போவார், நீ அங்கேயும் இவர் ஃபேனுக்குக் கீழேயுமாக உட்கார்ந்து வழக்கை நடத்திக்கொண்டிருக்கலாம், அடுத்த வாய்தா எப்போது என்று எனக்கும் தெரியாது.

இன்று காலையில் நடந்ததையும் எழுதிவிட்டு முடிக்கிறேன், இதற்காகத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன். தொடர்பு முழுதாக முடிந்தபின் ஹாம்காரர்கள் விரும்பினால் சொந்தமாக ஒரு வரி அனுப்பலாம், பதிமூன்று எழுத்துக்குள், இங்கிலீஷ் எழுத்தில். இத்தனை வருஷத்தில் அப்பா அதைத் தொட்டதே இல்லை, எழுபத்துமூன்றோடு நிறுத்திவிடுவார். இன்று காலை நான் தோசை தின்றுகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். டீயை ஆற்றினார். ஆறிய டீயை மறுபடி ஆற்றினார். பிறகு, கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்கிற குரலில், “பவி, ‘போயிட்டு வாடா’ன்னா இங்கிலீசுல எத்தினி எழுத்து வரும்?” என்றார். நான் தோசைக் கையைத் துடைத்துக்கொண்டேன். எதுக்குப்பா என்று கேட்கவில்லை, சுவரில் விரலால் எழுதிக் காட்டினேன். POITTU VAADA. நடுவில் விடுகிற இடத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு. அவரும் தன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார், என் கணக்கு மார்க் அவருக்குத் தெரியும். “பதிமூணுக்குள்ள வந்துடுதுல்ல?” என்று கேட்டார். ஒரு எழுத்து மிச்சம் கூட இருக்குப்பா, கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டுடலாமா, மெரட்டுற மாதிரி இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் டீயைக் குடித்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து, நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நிலா வழியாக வராமல் நேராக அம்மாவின் குரல் வந்தது. “அன்னிக்கே கேட்டாண்ட நின்னு வாயால சொல்லியிருந்தா எழுத்து எண்ண வேண்டிய வேலையே வந்திருக்காது.” அப்பா ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், கேட்கிற நிமிடம் போல. பிறகு சமையல்கட்டுப் பக்கம் பார்த்து, “சரி” என்றார். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன எத்தனையோ சரியை நான் கேட்டிருக்கிறேன், இது அந்த ரகம் இல்லை.

ஆகவே, மகனே மணிமாறா, தகப்பன் ஸ்தானத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள். விஷயம் உனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. நான் இப்படி எழுதிவிட்டதால் தொடர்பு செல்லாமல் போய்விடுமோ என்றும் பதறாதே, விதியை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். கணக்கில் வருவது பெயரும் எண்ணும் சரியும் மட்டும்தான். அதற்குப் பிறகு அனுப்புவது எந்தக் கணக்கிலும் சேராது. சேராது என்பதால்தான் அதை அவரால் சொல்ல முடிகிறது. நிலாவுக்குப் போய்வர இரண்டரை வினாடி, கேட்டருகில் வர அவருக்கு ஒன்றரை வருஷம், தூரம் எது என்று நீயே பார்த்துக்கொள். உன் பதிலுக்கும் அதே பதிமூன்று எழுத்துதான். விளக்கம் சொல்ல இடமில்லை, யார் மேல் தப்பு என்று வாதாட இடமில்லை, அது இந்தக் குடும்பத்துக்கு ரொம்ப நல்லது. POITTU VAREN என்று மட்டும் அனுப்பு. அதுவும் பன்னிரண்டுதான், எண்ணிவிட்டேன். அது இங்கே வந்து விழுந்தபிறகுதான் நீ முறைப்படி ஊரை விட்டுக் கிளம்பியவன் ஆவாய், அதுவரை கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் இருப்பார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. டப்பா நூடுல்ஸைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ஏற்கெனவே நீ கறுப்பு, நாளைக்குப் பெண் பார்க்கும்போது புகைப்படத்தில் பல் மட்டும்தான் தெரியும். என் மிட்-டெர்ம் மார்க் பற்றி அப்பா எழுதச் சொன்னார், இடம் போதவில்லை. நீண்ட ஆயுளும், பெர்மனென்ட் வேலையும், சுத்தமான சிக்னலும் பெற்று வாழ்வாயாக என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறார்கள், தனித்தனியாக.

ஒரே ஒரு ஞாபகமூட்டல். விஜயதசமி மத்தியானம் அம்மா போன் அடித்தால் எடுக்காதே. அடிப்பாள். அரிசி டின்னுக்குள் புதைத்த போன் இன்று காலையில் சார்ஜில் இருந்தது.

இப்படிக்கு,
அப்பாவுக்காகவும், இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அப்பாவாகவும்,
து. பவித்ரா